கேட்டவன் எழுந்து என்ன செய்வான்?

வானொலியில் நான் வாங்கிய முதல் வசவுக்குக் காரணம் ஒரே ஒரு சொல். ‘இல்லை.’

1985 கார்த்திகை. விடிய விடிய மழை. காலை ஒலிபரப்புக்கு நான்தான் அறிவிப்பாளர். ஆறரை மணி வாக்கில் பள்ளிகள் பற்றித் தொலைபேசியில் ஒரு குறிப்பு வந்தது. அதைத் தாளில் எழுதி, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒலிவாங்கியைத் திறந்து வாசித்தேன். “தொடர்ந்து மழை பெய்துவரும் நிலையில், மாவட்டத்திலுள்ள பள்ளிகளுக்கு இன்று விடுமுறை ஏதும் இல்லை.”

பத்து மணிக்கு ஒரு தலைமையாசிரியர் குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தார். அவருடைய பள்ளியில் வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள்தானாம். மற்ற வீடுகளில் எல்லாம், ‘ரேடியோவுலயே லீவுன்னு சொல்லிட்டாவ’ என்ற பதில். நான் குறிப்பேட்டையும் வாசித்த தாளையும் எடுத்து நீட்டினேன். அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. “நீங்க என்ன எழுதிருக்கீங்கன்னு நான் கேக்க வரலை, தம்பி. என்ன கேட்டுச்சுன்னு சொல்ல வந்தேன்.”

அந்த நாளில் எங்களுடையது மத்திய அலை. வானத்தில் மின்னல் வெட்டினால் பெட்டிக்குள் அப்பளம் பொரிகிற மாதிரி சடசடக்கும். அந்தச் சடசடப்பில் என் வாக்கியத்தின் வால் அறுந்துபோயிருக்கிறது. ‘விடுமுறை’ வரைக்கும் வீடு சேர்ந்தது. ‘இல்லை’ வழியிலேயே போய்விட்டது.

எங்கள் நிலையத்தில் மூத்த அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தாளை வாங்கிப் பார்த்தார். “நீரு எழுதினது தப்பில்லை, வாசிச்சதும் தப்பில்லை. ஆனா பிள்ளைய வீட்டுல இருக்கு. அப்போ தப்பு எங்க இருக்குன்னு பாரும்” என்றார். பிறகு அடித்துவிட்டு மேலே எழுதினார். ‘பள்ளிகள் இன்று வழக்கம்போல் நடக்கும்.’ அதில் எந்தச் சொல் அறுந்தாலும் பொருள் தலைகீழாகாது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கேட்ட கேள்வியைத்தான் அதற்குப் பிறகு முப்பது வருஷம் சுமந்தேன்.

“எழுதும் முன்னால ஒண்ணு யோசியும், வே. கேட்டவன் எழுந்து என்ன செய்வான்?”

*

தமிழில் வினை கடைசியில் வரும். உடன்பாடா எதிர்மறையா என்பது தெரியவும் கடைசிவரை காத்திருக்க வேண்டும். பத்திரிகை வாசகருக்கு அதில் கஷ்டமில்லை. கண் திரும்பிப் போய் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை விட்டால் விட்டதுதான். ‘அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படும்’ என்பதற்கும் ‘திறக்கப்படாது’ என்பதற்கும் நடுவே உள்ள தூரம் ஒரு தும்மல். அடுப்பில் பால் பொங்கினால் போதும், அந்த வீட்டுக்குச் செய்தி மாறிவிடும்.

ஆகவே எனக்கென்று சில விதிகளை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். முதலில் யாருக்கு என்று சொல், பிறகு என்ன என்று சொல். ‘மணப்பாடு, உவரி, பெரியதாழை மீனவர்களுக்கு’ என்று தொடங்கினால் அந்த ஊர்க்காரர் கையிலுள்ள வேலையை நிறுத்திக் காது கொடுப்பார். ஊர்ப் பெயர் கடைசியில் வந்தால், தனக்கு என்று அவர் அறிவதற்குள் செய்தி முடிந்திருக்கும். ‘நாளை’ வேண்டாம், ‘வியாழக்கிழமை’ என்று சொல். இரவு எழுதின தாளை மறுநாள் காலையில் இன்னொருவர் அப்படியே எடுத்து வாசித்துவிடலாம். எண்ணை இருமுறை சொல். ‘அறுபது’ம் ‘எழுபது’ம் கரகரப்பில் ஒன்றுபோலவே ஒலிக்கும். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது’ போன்ற வாலை வெட்டு. எடுத்தவர் யார், தெரிவித்தவர் யார் என்று அதில் ஒருவரும் இல்லை. கேட்டவன் அதை வைத்துக்கொண்டு செய்யவும் ஒன்றும் இல்லை.

*

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே காது வழியாகத்தான். நெல்லையில் வானொலி நிலையம் வந்தது 1963-இல். அதற்குமுன் எங்கள் பக்கத்துக் காதுகளுக்குத் திருச்சியும் இலங்கையும்தான் என்று அப்பா சொல்வார். திருச்சி நிலையம் 1939-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி தெளிவாக விழும். அதில் வரும் மரண அறிவித்தலைக்கூட எங்கள் தெருப் பெண்கள் கேட்டு உச்சுக்கொட்டுவார்கள். இறந்தவர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பார். இவர்களுக்கும் அவருக்கும் எந்த உறவும் இராது. மகன் இன்னார், மருமகள் இன்னார் என்று வரிசையாகச் சொல்லக் கேட்டால் போதும், தெரிந்தவராகிவிடுவார். பெயர் சொல்வதில் இவ்வளவு இருக்கிறதா என்று சிறுவனாக நான் வியந்தது அப்போதுதான். டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லும் அழகுக்காகவே அடுக்களை வாசலில் நின்று காத்திருப்பேன். பித்தளைச் செம்பை வாயருகே பிடித்துக்கொண்டு அவரைப்போலச் சொல்லிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

குரல் தேர்வில் தேறினால் நிரந்தர வேலை என்று நினைத்திருந்தேன். கிடைத்தது தற்காலிக அறிவிப்பாளர் வேலை. மாதத்துக்கு மிஞ்சிப்போனால் ஆறு நாள். மற்ற நாட்களில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். காலையில் ‘அன்பார்ந்த நேயர்களே’, மாலையில் கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை. ஒரு வகையில் இரண்டும் ஒரே தொழில்தான். பெயர் தப்பாக வந்தால் இரண்டு இடத்திலும் சண்டைக்கு வருவார்கள்.

ஒலிப்பதிவெல்லாம் அப்போது ஸ்பூல் டேப்பில். நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும். வேண்டாத இடத்தைச் சவர பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடா வைத்து ஒட்ட வேண்டும். ஆகவே எங்களுக்கு மௌனத்துக்குக்கூட நீளம் உண்டு. புயலில் வாழை சாய்ந்த ஒரு விவசாயியைப் பேட்டி எடுத்து வந்தேன். ‘எத்தனை வாழை போச்சு?’ என்ற கேள்விக்குப் பிறகு அவர் நான்கு விநாடி பேசவில்லை. அதை வெட்டி, 76 சென்டிமீட்டர் நாடாவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நிகழ்ச்சி கச்சிதமாக வந்த மகிழ்ச்சியில் அண்ணாச்சிக்குப் போட்டுக் காட்டினேன். “இந்த ஆளு கணக்குப்பிள்ளை மாதிரி பட்டுனு சொல்லுதாரே, இவரு வாழையா போச்சு?” என்றார். கூடையைக் கிளறி அந்தத் துண்டைத் தேடி எடுத்து, எது தலை எது வால் என்று பார்த்து, திரும்ப ஒட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மறுபடி கேட்டபோது அந்த நான்கு விநாடியில் தூரத்தில் ஒரு காக்கை கத்துவது கேட்டது. அதையும் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

*

எங்களைக் கேட்டவர்கள் யார்? கை நிறைய வேலையும் காது மட்டும் சும்மாவும் இருந்தவர்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள். தூத்துக்குடி உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள். பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள். ஆயிரம் பீடி முடிகிறவரை எழ முடியாத பெண்ணுக்கு வானொலிதான் சன்னல், அதுதான் கடிகாரமும்.

கடிகாரம் என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. பீடி சுற்றும் பெண் ஒருவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நேயர் விருப்பப் பாட்டு ஏதும் கேட்டு எழுதவில்லை. ‘நேற்று எட்டேகால் மணிக்கு நீங்கள் நேரம் சொல்லவில்லை. மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பிந்திவிட்டது’ என்பதுதான் கடிதம். முந்தைய நாள் க்யூ ஷீட்டைப் பார்த்தேன். உண்மைதான். ஒரு பாட்டு நீண்டுவிட்டதால் நேரத்தை விழுங்கிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவியிருந்தேன். எனக்கு அது நிரப்புவதற்கான மூன்று விநாடி. அவர் வீட்டில் அந்த மூன்று விநாடியை வைத்துத்தான் ஒரு பையன் சட்டை மாட்டுகிறான். பிறகு ஒருநாளும் நான் நேரத்தை விழுங்கியதில்லை.

அண்ணாச்சிக்குத் தன் கொள்கைக்குச் சான்று வேண்டும்போதெல்லாம் தஞ்சாவூரை இழுப்பார். 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்தபோது அதைப் பற்றித் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் திரும்பத் திரும்பப் பேசின. எந்தப் பட்டத்துக்கு விதைப்பது, எவ்வளவு உரம் என்று விவசாயி கேட்டான், விதைத்தான், அறுத்தான். ரகத்தின் அரசாங்கப் பெயர் வாயில் நுழையாததால் ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டான். “பேப்பர் நெல்லுன்னு எவனாவது வச்சானா, வே?” என்று அண்ணாச்சி கண்ணடிப்பார்.

*

தொண்ணூறுகளில் செய்திப் பக்கம் வந்தேன். மாவட்டத்தின் பகுதிநேரச் செய்தியாளர். நேரடித் தொலைபேசி எல்லா ஊருக்கும் வராத காலம். உள்ளூர் அஞ்சலகத்தில் டிரங்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் ‘லைட்னிங் கால்’. காசு ஏறும், லைன் சீக்கிரம் கிடைக்கும். கிடைத்ததும் எதிர்முனையில் எழுதுகிறவர் காதில் விழும்படி ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகக் கத்த வேண்டும். ‘ஆழ்வார்திருநகரி’யை அஞ்சலகத்தில் நின்று நான் கத்தினதைக் கேட்டு, அங்கே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வரிசையில் நின்ற ஒருவர் அழத் தொடங்கிவிட்டார். அது தேரோட்டச் செய்தி.

வானொலிச் செய்திக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதிகாரி உறுதி செய்யாமல் சொல்லக்கூடாது. வதந்திக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அது சைக்கிளில் போகும், பால்காரருடன் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே நான் திணறிய ஓர் இரவு உண்டு.

தாமிரபரணி கரைபுரண்டு போன ஓர் ஐப்பசி. மலையில் விடாத மழை. இரவு எட்டு மணிக்கு ஊரெல்லாம் ஒரே பேச்சு. ‘அணை உடைஞ்சிட்டு.’ தாழ்வான தெருக்களில் ஜனங்கள் பாத்திரத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தத் திசைக்கு என்று தெரியாமல், சிலர் ஆற்றுப் பாலத்தை நோக்கியே ஓடினார்கள். பொறியாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அணைக்கு ஒன்றுமில்லை என்றார். மறுப்புச் செய்தியை அவசரமாக எழுதினேன். ‘அணை உடைந்துவிட்டதாகப் பரவும் செய்தி உண்மை இல்லை.’

எழுதின கையோடு அந்தப் பழைய தலைமையாசிரியரின் குடை கண்முன் வந்தது. மழை, இருட்டு, சடசடப்பு, ஓடிக்கொண்டே கேட்கிற ஜனம். இந்த வாக்கியத்தில் அவர்கள் காதில் எது நிற்கும்? ‘அணை உடைந்துவிட்டது’ நிற்கும். அதுவும் இப்போது வானொலியே சொன்னதாக நிற்கும். தாளைக் கிழித்தேன். மறுபடி பொறியாளரை அழைத்து, அணை எப்படி இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள், அது எந்த ஊருக்கு எப்போது வந்து சேரும் என்று கேட்டேன். பிறகு எழுதினேன். ‘அணை உறுதியாக இருக்கிறது. பொறியாளர்கள் அணையிலேயே இருக்கிறார்கள். ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். பாலத்தின் பக்கம் போகவேண்டாம்.’

கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘வேண்டாம்’ அறுந்தால்? ‘பாலத்தை விட்டு விலகி நில்லுங்கள்’ என்று மாற்றினேன். கால் மணிக்கு ஒருமுறை அதையே வாசித்தார்கள். உடைப்பு, உடைந்தது, உடையவில்லை என்று ‘உடை’ என்ற வேர்ச்சொல்லே அன்றிரவு எங்கள் ஒலிபரப்பில் வரவில்லை. வதந்தியை மறுக்கவும் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

*

அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில் கிடைக்காத நாட்களும் உண்டு. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு எண்களை வாசிப்பேன். ஒன்றாம் எண் என்றால் தொலைவில் கடலில் காற்றழுத்தம், மூன்று என்றால் துறைமுகத்திலேயே திடீர்க் காற்றுக்கு வாய்ப்பு, பத்து என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கப்போகிறது. வெறும் எண்ணை வாசித்தால் மீனவர் என்ன செய்வார்? ஆகவே எண்ணோடு அர்த்தத்தையும், வள்ளத்தை எங்கே ஏற்றிக் கட்டலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

ஆனால் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. எச்சரிக்கும் அமைப்பே இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது கிடையாது. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்தான். அலை வந்து போன பிறகுதான் ஒலிவாங்கியைத் திறந்தோம். எந்தப் பள்ளியில் எந்த ஊர்க்காரர் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராக வாசித்தோம். சின்ன வயதில் கேட்ட இலங்கை மரண அறிவித்தலின் நடை என் குரலுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வாசித்தது உயிரோடு இருந்தவர்களின் பெயர்களை.

நான்கு நாள் கழித்து, 30-ஆம் தேதி, மறுபடியும் அலை வரக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை பரவியது. கடலோரம் முழுக்க ஜனங்கள் ஓடினார்கள். பிறகு அப்படி எதுவும் வராது என்று தெரிந்தது. கேட்டவன் எழுந்து என்ன செய்வான் என்ற கேள்வியின் மறுபக்கம் அன்று புரிந்தது. சொல்லுக்கு மனிதனை எழுப்பும் பலம் உண்டு என்றால், பொய்யான சொல்லுக்கும் அதே பலம்தான். இரண்டு முறை வீணாக ஓடினவன் மூன்றாம் முறை எழவே மாட்டான்.

*

நான் ஓய்வு பெறும்போது பண்பலை எங்கும் வந்துவிட்டது. மின்னல் சடசடப்பு போயே போச்சு. தனியார் நிலையங்கள் நாளெல்லாம் பேசுகின்றன. ஆனால் அவை சொந்தமாகச் செய்தி சொல்லச் சட்டம் இடம் தராததால், பேச்சு ஏராளம், ஊர்ச் செய்தி கொஞ்சம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ என்று ஒரு சமுதாய வானொலி நடக்கிறது. அலைவரிசை 90.4. அந்த மாதிரி முயற்சிகளைப் பற்றிக் கேட்கும்போது அண்ணாச்சி இருந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றும். மற்றபடி எல்லோர் கையிலும் கைபேசி. இனி டிரான்சிஸ்டர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பரணில் போட்டுவைத்தேன்.

2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு திருச்செந்தூர் ரயில் தண்ணீர் நடுவே நின்றுவிட்டது. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். அன்றிரவு எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. புயல் கூண்டுகளில் பதினொன்றாம் எண் என்று ஒன்று உண்டு. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்று அர்த்தம். என் பணிக்காலத்தில் அதை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. அன்று எங்கள் தெருவே பதினொன்றாம் எண் கூண்டுக்குள் இருந்தது.

பரணிலிருந்து டிரான்சிஸ்டரை இறக்கினேன். இரண்டு பேட்டரி வேண்டும். ஒன்றைத் தொலைக்காட்சி ரிமோட்டிலிருந்தும் மற்றதைச் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் கழற்றினேன். கடிகாரம் நின்றது, பெட்டி பேசியது. ஒரு குரல், என்னைவிட நாற்பது வயது குறைந்த குரல், அணைகளிலிருந்து வரும் தண்ணீர்க் கணக்கைச் சொன்னது. பிறகு நேரம் சொன்னது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணாச்சியின் கேள்வி என்னைப் பார்த்தே கேட்கப்பட்டது. கேட்டுவிட்டாய், எழுந்து என்ன செய்யப்போகிறாய்?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு இறங்கினேன். கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர். முதல் வீட்டு ஆச்சி கதவைத் திறந்ததுமே, “எய்யா, அணை உடைஞ்சிட்டாமே?” என்றாள். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. “அணை நல்லா இருக்கு, ஆச்சி. தண்ணி கூடுதலா வருது. கேஸை மூடிட்டு, மாத்திரையை எடுத்துக்கிட்டு, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க” என்றேன். ஒன்பது வீட்டிலும் அதே மூன்று வரி, அதே வரிசையில். என் தொண்டை எட்டுகிற தூரம்தான் அன்று என் ஒலிபரப்பு எல்லை.

கடைசி வீட்டில் இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார். “அதெல்லாம் சரி, அண்ணாச்சி. மணி என்ன இருக்கும்? போனும் செத்துப்போச்சு.”

என் வீட்டுக் கடிகாரமும் நின்றிருந்தது. ஆனால் கிளம்பும்போது அந்தப் பிள்ளை சொன்ன நேரம் காதில் இருந்தது. நடந்து வந்த நிமிடங்களை அதோடு கூட்டி, பழைய குரலிலேயே சொன்னேன். “நேரம், இரவு பத்து மணி நாற்பது நிமிடம்.”